பிரிசேயிஸின் கையில் வாள் எதற்கு?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. ட்ரோஜன் போரை, கிரேக்க வீரன் அக்கிலீஸ் பிடித்து அடிமையாக வைத்திருந்த பிரிசேயிஸ் தன் வாயால் சொல்வதாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்த ஏழு அத்தியாயங்களை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் வாசிப்புக் குழுவில் படித்துக் காட்டியபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். "உன் கதாநாயகி சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிறாள், கையில் ஒரு வாளாவது கொடு" என்றார் ஒருவர். "அக்கிலீஸை அவள் காதலிப்பதாகக் கொண்டுபோனால்தான் படிப்பார்கள்" என்றார் இன்னொருவர். பலாத்காரத்தை விரிவாக எழுதாவிட்டால் உண்மையை மறைத்ததாகும் என்கிறாள் ஒரு தோழி, எழுதினால் அதுவே வியாபாரம் என்கிறாள் மற்றவள். குழப்பத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். இந்த மறுபுனைவு நாவல்களையெல்லாம் திருத்திப் பழக்கப்பட்டவர் நீங்கள். என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

வணக்கம். ஏழு அத்தியாயங்களையும் படித்தேன். வாள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கொடுக்காதீர்கள்.

2004-இல் வந்த 'ட்ராய்' படம் அதைச் செய்து பார்த்துவிட்டது. அதில் பிரிசேயிஸ் ட்ராய் இளவரசன் ஹெக்டருக்கு உறவுக்காரப் பெண், அப்பல்லோ கோயில் பூசாரி. கடைசியில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் கழுத்தில் கத்தியை இறக்குகிறாள். கைதட்ட வைக்கும் காட்சிதான். ஆனால் புருஷன் வரட்டும், தீர்த்துக்கட்டலாம் என்று ஊரில் வருஷக்கணக்காகக் காத்திருந்த அவன் மனைவி கிளைட்டம்னெஸ்ட்ராவின் பிழைப்பு என்ன ஆவது? சரி, அது போகட்டும். எனக்குள்ள ஆட்சேபம் இதுதான்: ஓடிப்போக இடமில்லாத, எதிர்த்தால் கேட்க நாதியில்லாத ஒருத்தியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, அந்த நிலைமையைத் தாங்க முடியாமல் நாமே அவளுக்குக் கத்தியை நீட்டுகிறோம். வாசகருக்கு மனசு ஆறுகிறது. அவள் எப்படி நாளைக் கடத்தினாள் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை.

அதற்காக உங்கள் குழு சொன்னது தப்பு என்று நினைக்காதீர்கள். அவள் எதுவும் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஹோமரிலேயே அவள் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. நீங்கள் அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஹோமரின் இலியட் காவியத்தில் அவள் வரும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் மிகக் கொஞ்சம். முதல் காண்டத்தில் அகமெம்னானின் ஆட்கள் வந்து அவளை அக்கிலீஸிடமிருந்து அழைத்துப் போகிறார்கள், அவள் மனமில்லாமல் நடக்கிறாள். ஒன்பதாம் காண்டத்தில், அதனால் கோபித்துக்கொண்ட அக்கிலீஸைச் சமாதானப்படுத்த அகமெம்னான் தருவதாகச் சொல்லும் பட்டியலில் வருகிறாள்: ஏழு முக்காலிகள், பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பன்னிரண்டு குதிரைகள், கைவேலை தெரிந்த ஏழு லெஸ்போஸ் பெண்கள், அவர்களோடு பிரிசேயிஸ். பத்தொன்பதில் திரும்பி வருகிறாள். இருபத்துநான்கில், ஹெக்டரின் உடலை அவன் அப்பா பிரியாம் மீட்கும் இரவில், அக்கிலீஸின் பக்கத்தில் படுத்திருக்கிறாள். காவியம் முழுக்க அவள் வாய் திறப்பது ஒரே ஒரு தடவை, அந்தப் பத்தொன்பதாம் காண்டத்தில்.

அதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கூடாரத்துக்குத் திரும்பியவள், அக்கிலீஸின் உயிர்த் தோழன் பட்ரோக்ளஸ் வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறாள். மேலே விழுந்து, மார்பையும் கழுத்தையும் முகத்தையும் கீறிக்கொண்டு அழுகிறாள். நான் போகும்போது உயிரோடு இருந்தாய், வரும்போது பிணமாகக் கிடக்கிறாயே என்று ஆரம்பிக்கிறாள். அடுத்த மூச்சிலேயே பேச்சு எங்கே போகிறது பாருங்கள். அப்பாவும் அம்மாவும் கட்டிவைத்த கணவன் ஊருக்கு முன்னால் வெட்டுண்டு கிடந்ததைச் சொல்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று சகோதரர்கள் அதே நாளில் செத்ததைச் சொல்கிறாள். அப்போது நீ என்னை அழவிடவில்லை, அக்கிலீஸுக்கே முறைப்படி மனைவியாக்கி, அவன் ஊரான ஃப்தியாவுக்குக் கூட்டிப்போய்க் கல்யாண விருந்து வைக்கிறேன் என்றாய், எப்போதும் என்னிடம் இதமாக இருந்தாய் என்று முடிக்கிறாள்.

அவள் கணவனைக் கொன்ற அக்கிலீஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். அவனுடைய முகாமில் அவனிடம் தோற்றவர்களுக்காக வாய்விட்டு அழ அவளுக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? பட்ரோக்ளஸுக்கு அழலாம், அழ வேண்டும், அது அடிமைப் பெண்களுக்கு விதிக்கப்பட்ட வேலையே. அந்த அனுமதிக்குள் அவள் தன் வீட்டுப் பிணங்களையும் சேர்த்து அழுதுவிடுகிறாள். கூடவே மற்ற பெண்களும் அழுதார்கள், பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து அவளவள் தன் துக்கத்துக்கு அழுதாள் என்று ஹோமரே எழுதிவைத்திருக்கிறார். நம் ஊர் இழவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாரோ பெரியப்பாவின் சாவுக்கு வந்தவள், செத்துப்போன தன் பிள்ளையைத்தான் பாடிக்கொண்டிருப்பாள்.

உங்கள் ஆறாம் அத்தியாயத்தில் இந்த இடம் "பட்ரோக்ளஸுக்காக நாங்கள் எல்லோரும் அழுதோம்" என்று போய்விடுகிறது. அங்கே நில்லுங்கள். யார் யார் சுற்றி நிற்கிறார்கள், கணவனின் பேரைச் சொல்லும்போது அவள் குரலை இறக்குகிறாளா, பக்கத்தில் இருப்பவள் அதைக் கேட்டுவிட்டுத் தன் அழுகையை ஏற்றி அதை மூடுகிறாளா? ஒரு முழு அத்தியாயத்துக்கு விஷயம் இருக்கிறது.

காதல் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒப்பாரியிலேயே இதற்கும் விடை இருக்கிறது. அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்த மிக நல்ல எதிர்காலம் எது? கணவனைக் கொன்றவனுக்கே மனைவியாவது. அது நடக்காவிட்டால் கடைசிவரை அடிமை. அவள் அதை விரும்பினாளா என்று கேட்டால் விரும்பியிருக்கலாம். பட்டினி கிடப்பவர் பழஞ்சோற்றை விரும்புவதில்லையா? அதை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். ஒரு பாசம், ஒரு பழக்கம், இன்றைக்கு அவன் நல்ல மனநிலையில் இருக்கிறான் என்ற நிம்மதி, எல்லாமே அவளுக்குள் வரலாம். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் நீங்கள் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: இப்போது அவள் மாட்டேன் என்றால் என்ன நடக்கும்? அதற்குப் பதில் தெரியாத காட்சியில் காதல் வசனம் வைக்காதீர்கள்.

அக்கிலீஸ் பக்கத்தையும் பாருங்கள். ஒன்பதாம் காண்டத்தில், ஈட்டியால் வென்றவள் என்றாலும் அவளை மனதார நேசித்தேன் என்கிறான். இதை மட்டும் பிடித்துக்கொண்டுதான் பலரும் காதல் கதை கட்டுகிறார்கள். பத்தொன்பதில், அவள் ஊரான லிர்னெசஸைப் பிடித்து அவளை எடுத்துக்கொண்ட அன்றே கப்பலில் ஆர்ட்டெமிஸ் தெய்வம் அம்பெய்து அவளைக் கொன்றிருக்கக் கூடாதா, இத்தனை கிரேக்கர்கள் செத்திருக்க மாட்டார்களே என்கிறான். இரண்டையும் சொன்னது ஒரே வாய். நடுவில், அவள் அகமெம்னானிடம் இருந்தபோது, இவன் கூடாரத்தில் டியோமெடே என்ற லெஸ்போஸ் பெண் படுத்திருந்தாள். பட்ரோக்ளஸின் பக்கத்தில் இருந்தவள் ஸ்கைரோஸிலிருந்து வந்த இஃபிஸ், அக்கிலீஸ் அவனுக்குக் கொடுத்தவள். ஹோமர் இதைப் படுக்கை விரித்த மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

மேடலின் மில்லர் 2011-இல் எழுதிய நாவல் இந்தச் சங்கடத்தை வேறு மாதிரி தீர்த்தது. பட்ரோக்ளஸ் கேட்டுக்கொண்டதால் அக்கிலீஸ் அந்தப் பெண்ணை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றவே தன் பங்காகக் கேட்டு வாங்குகிறான், அவளைத் தொடுவதில்லை. அந்த நாவல் பட்ரோக்ளஸின் கதை, அதற்கு அது பொருந்துகிறது, நான் ரசித்துப் படித்த புத்தகம். ஆனால் அங்கே கதாநாயகர்களின் கை சுத்தமாக இருப்பதற்காக அடிமை முறையையே கொஞ்சம் அலம்பி வைக்க வேண்டியிருக்கிறது. பிரிசேயிஸே பேசும் உங்கள் நாவலுக்கு அது உதவாது. 2018-இல் பாட் பார்க்கர் பிரிசேயிஸைப் பேசவைத்தபோது, காதல் என்று எதையும் பூசவில்லை. அங்கேயும் போகப்போக அக்கிலீஸ் உள்ளே வந்து தனக்கென்று அத்தியாயங்கள் வாங்கிக்கொள்கிறான். அவ்வளவு பெரிய ஆளைக் கதைக்கு வெளியே நிறுத்துவது லேசில்லை. நீங்களும் நான்காம் அத்தியாயத்திலிருந்து அவனைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், கவனித்தீர்களா?

பெண்ணின் குரலில் எழுதுவதே புதுமை என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். ரோமக் கவிஞர் ஓவிட் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பிரிசேயிஸ் அக்கிலீஸுக்கு எழுதும் கடிதமாக ஒரு கவிதை எழுதிவிட்டார். மனைவியாக வேண்டாம், அடிமையாகவாவது கூட்டிப்போ என்று அதில் அவள் கெஞ்சுகிறாள். அவருக்கும் முன்னால், கி.மு. 415-இல் யூரிப்பிடிஸ் ட்ராய் நகரப் பெண்களை மேடையில் உட்காரவைத்து, யார் யாருக்குப் பங்காகப் போகிறாள் என்பதையே நாடகமாக்கினார். அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் ஏதென்ஸ் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக விற்றிருந்தது. பார்க்க வந்தவர்களில் மெலோஸிலிருந்து திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். குரல் கொடுக்கிறோம் என்று நாம் மார்தட்டிக்கொள்ள ரொம்ப இடமில்லை.

பலாத்காரக் காட்சி பற்றி என் கருத்து சுருக்கமானது. ஒரு முறை, அவள் பக்கத்திலிருந்து, வர்ணனை இல்லாமல். அதற்குமேல் வேண்டாம். அகமெம்னான் தன்னிடம் இருக்கும் கிரிசேயிஸ் என்ற இன்னொரு சிறைப்பெண்ணைப் பற்றி அவள் அப்பாவிடமே சொல்லும் வாக்கியத்தைப் படியுங்கள். என் வீட்டில், ஆர்கோஸில், தறியில் நெய்துகொண்டும் என் படுக்கைக்கு வந்துகொண்டும் கிழவியாவாள் என்கிறான். தறியும் படுக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன, இரண்டும் அவளுடைய அன்றாட வேலை. அந்த அன்றாடத்தன்மையை எழுதினாலே வாசகருக்கு வயிறு கலங்கும். விடிந்ததும் அவள் எழுந்து எந்த வேலைக்குப் போகிறாள் என்பதில் உங்கள் பேனா நிற்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. படிக்கும்போது என்னை உறுத்தியது இதுதான்.

உங்கள் முதல் அத்தியாயத்தில், லிர்னெசஸ் இன்னும் விழாத காலத்தில், பிரிசேயிஸ் குளிக்கிறாள். "பணிப்பெண் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள்" என்று ஒரு வரி. இரண்டாம் அத்தியாயத்தில் அதே பெண் தலைவாரி விடுகிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஊர் எரிகிறது, அதோடு அவளைக் காணோம். அவள் யார்? அவள் பேர் என்ன? அவளும் ஏதோ ஓர் ஊர் எரிந்தபோது வந்தவளா, சந்தையில் வாங்கப்பட்டவளா, அந்த வீட்டு அடிமைக்கே பிறந்தவளா? பிரிசேயிஸுக்கு அன்றைக்கு உலகமே முடிந்தது. வெந்நீர் ஊற்றியவளுக்கு எஜமான் மாறினான், அவ்வளவுதான். கப்பலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசிக்கொள்வார்கள்?

நம் காலத்து மறுபுனைவுகள் பெரும்பாலும் பிரிசேயிஸ், கசாண்ட்ரா, ஆண்ட்ரோமக்கி, ஹெக்யூபா என்று பெரிய வீட்டிலிருந்து விழுந்தவர்களிடமே போகின்றன. காரணம் இல்லாமல் இல்லை. மூலத்தில் பேரும் பேச்சும் இருப்பது அவர்களுக்குத்தான். விழுந்தவளின் கதையில் ஓர் உயரம், ஒரு பள்ளம், தானாகவே நாடகம் வந்துவிடும். ஆனால் இந்தப் பெண்களெல்லாம் நேற்றுவரை அடிமை வைத்திருந்தவர்கள். அதைச் சொல்லாமல் விட்டால், அடிமைத்தனம் என்பது தகுதியில்லாத இடத்தில் நல்ல குடும்பத்துப் பெண் மாட்டிக்கொண்ட துரதிர்ஷ்டம் என்று ஆகிவிடும். யாருக்குமே அது தகாது என்ற எண்ணம் வாசகரிடம் போய்ச் சேராது.

பேரில்லாதவர்களைத் தேட ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசிக்குப் போங்கள். இருபதாம் காண்டத்தில் ஒரு பெண் மாவரைக்கிறாள். ஒடிசியஸின் அரண்மனைக்கு மாவரைக்கப் பன்னிரண்டு பெண்கள். அவன் இல்லாதபோது அவன் மனைவி பெனலோப்பியைக் கட்டிக்கொள்ள ஒரு காதலர் கூட்டம் அங்கே வந்து தங்கியிருக்கிறது. மற்றவர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். இவள் ஒருத்தி உடம்பில் தெம்பில்லாதவள், இன்னும் முடியவில்லை. விடியற்காலையில் தெளிந்த வானத்தில் இடி இடிக்கிறது. கல்லை நிறுத்திவிட்டு அவள் சேயுஸிடம் வேண்டுகிறாள்: என் முழங்காலை உடைத்த இந்தக் கூட்டத்துக்கு இதுவே கடைசிச் சாப்பாடாக இருக்கட்டும். தூங்க விடாத ஒரு கிழட்டு எந்திரக்கல், வலிக்கும் முழங்கால், ஒரு சாபம். மாறுவேஷத்தில் திரும்பி வந்திருக்கும் ஒடிசியஸ் அதைக் கேட்டுத் தனக்கு நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுகிறான். அவன் ஜெயித்த பிறகு அவளுக்கு அரைக்கிற மாவு குறைந்ததா என்று ஹோமர் சொல்லவில்லை.

அந்த வீட்டில் ஐம்பது அடிமைப் பெண்கள். காதலர் கூட்டத்தோடு படுத்தார்கள் என்று பன்னிரண்டு பேரைப் பிரித்து, பிணங்களைத் தூக்கவைத்து, மேஜை நாற்காலியில் தெறித்த ரத்தத்தைக் கடற்பஞ்சால் துடைக்கவைத்து, அப்புறம் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் ஒரு கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கில் போடுகிறான். வலையில் சிக்கிய பறவைகளைப் போல, கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, ரொம்ப நேரமில்லை. இத்தனைக்கும் இது நடக்கும் இருபத்திரண்டாம் காண்டத்தின் தொடக்கத்தில், வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஒடிசியஸ் அந்த ஆண்களைப் பார்த்துச் சொல்லும் குற்றச்சாட்டு, என் வீட்டு அடிமைப் பெண்களோடு பலவந்தமாகப் படுத்தீர்கள் என்பதுதான். பலவந்தம் என்று தெரிந்தே தூக்கு. 2005-இல் மார்கரெட் அட்வுட் இந்தப் பன்னிரண்டு பேரை ஒரு கோஷ்டியாகத் திரும்பக் கொண்டுவந்தார். கயிறு தாண்டும் பாட்டு, மாலுமிப் பாட்டு, நீதிமன்ற விசாரணை என்று அவர்கள் வேஷம் மாற்றி மாற்றி வருகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, எஜமானி பெனலோப்பியை அவர் முழுசாக விட்டுவிடவில்லை என்பது. அந்தப் பெண்களை உளவுபார்க்க அனுப்பியவளே அவள்தான் என்று வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் அங்கே கிடைக்கும். அடிமைகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் அக்கா தங்கை இல்லை. யார் யார் தப்புப் பண்ணினார்கள் என்று பன்னிரண்டு பேரைக் காட்டிக்கொடுப்பது யூரிக்ளியா. அவளும் அடிமைதான், இருபது மாட்டு விலைக்கு வாங்கப்பட்டவள். பன்றி மேய்க்கும் யூமேயஸைச் சின்னப் பிள்ளையாக வீட்டிலிருந்து திருடிப்போனவள் அவன் அப்பா வீட்டு அடிமைப் பெண். அவளே சீடோனில் ஒரு பணக்காரனின் மகளாக இருந்து கடத்தப்பட்டவள், ஊர் திரும்பும் ஆசையில் பிள்ளையைக் கூலியாகக் கொடுக்கப் பார்த்தாள். உங்கள் முகாமில் எல்லாப் பெண்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ஒருத்தியாவது கோள் சொல்லட்டும்.

வேலையைப் பற்றியும் நிறைய வேண்டும். கிரீஸின் பைலோஸ் அரண்மனையில் கி.மு. 1200 வாக்கில் எழுதிய களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெண்கள் குழுக்குழுவாகக் கணக்கில் வருகிறார்கள். லெம்னோஸ் பெண்கள், க்னிடோஸ் பெண்கள், மிலெட்டஸ் பெண்கள் என்று ஊர்ப் பேரைச் சொல்லி, பிள்ளைகளையும் சேர்த்து எண்ணி, இவ்வளவு தானியம், இவ்வளவு அத்திப்பழம் என்று படி அளந்திருக்கிறார்கள். நூற்பவர்கள், நெய்பவர்கள், மாவரைப்பவர்கள். உங்கள் நாவலில் ஏழு அத்தியாயமாக யாரும் கம்பளி சீவவில்லை. இலியட்டில் மல்யுத்தத்தில் ஜெயித்தவனுக்குப் பன்னிரண்டு மாடு பெறும் முக்காலி, தோற்றவனுக்குப் பல வேலை தெரிந்த ஒரு பெண், நான்கு மாடு பெறுவாள். அந்த நான்கு மாடு எதற்கு? அவள் கைகளுக்கு.

ஒரு காட்சி சொல்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிரியாம் மகனின் உடலைக் கேட்டு வந்த இரவில், அக்கிலீஸ் அடிமைப் பெண்களைக் கூப்பிட்டு ஹெக்டரைக் கழுவி எண்ணெய் பூசச் சொல்கிறான். கிழவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் தள்ளிக் கொண்டுபோய். கழுவியவர்கள் யார் என்று ஹோமர் பேர் சொல்லவில்லை. ஆனால் அக்கிலீஸின் கூடாரத்துப் பெண்களில் பலர் ட்ராயைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து பிடிபட்டவர்கள். ஹெக்டரைத் திருவிழாவில் பார்த்தவள் ஒருத்தி அங்கே இருக்கலாம். அவன் தோற்றதால்தான் இந்தக் கதி என்று அவன்மேல் ஆத்திரம் கொண்டவளும் இருக்கலாம். பிரிசேயிஸையும், முதல் அத்தியாயத்தில் வெந்நீர் ஊற்றியவளையும் அந்தத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். இப்போது ராணிக்கும் வேலைக்காரிக்கும் ஒரே வேலை. பிணம் கழுவத் தெரிந்தவள் எவள், யார் யாருக்குச் சொல்லித்தரப் போகிறாள்? (ராணி என்பது உங்கள் முடிவு. ஹோமர் அவள் கணவனின் பேரைச் சொல்லவில்லை. மைனஸ் ராஜாவே அவள் கணவன் என்று பிற்காலத்தவர் கொண்டார்கள். நாவலில் அப்படி வைத்துக்கொள்வதில் தப்பில்லை.)

செய்யவேண்டியது இவ்வளவு. முன்னுரையை வெட்டுங்கள். ஏழாம் அத்தியாயத்தில் அவள் அக்கிலீஸைக் குத்துவதாக வரும் கனவையும் வெட்டுங்கள், அதுவும் வாள்தான், போர்வைக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். ஆறாம் அத்தியாயத்தின் ஒப்பாரியை விரித்து எழுதுங்கள். வெந்நீர்ப் பெண்ணுக்கு ஒரு பேர், ஓர் ஊர், ஒரு பகை கொடுத்து முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டு வாருங்கள். பேர்களை ஒரே மாதிரி எழுதுங்கள், சில இடத்தில் அக்கிலீஸ், சில இடத்தில் அகில்லஸ் என்று வருகிறது. கடைசியில் பாத்திரப் பட்டியல் வைக்கலாமா என்று ஓரத்தில் குறித்திருந்தீர்கள், வைக்கலாம், தமிழ் வாசகருக்கு உதவும். ஆனால் அதில் அடிமைப் பெண்களை "மற்றும் பலர்" என்று போட்டுவிடாதீர்கள்.